நீர் மிகுந்தால் மரம் வாடும்

தாயகம் விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியிருக்கும் தமிழர் இல்லங்களை அடையாளம் காண வாயிற்பலகையைப் படிக்க வேண்டுவதில்லை. தரைத்தள வீடாயின் கொல்லையிலும், மாடி வீடாயின் தொட்டியிலும் ஒரு கறிவேப்பிலை நின்றால் போதும். தில்லியின் கரோல்பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும், மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் இந்த அடையாளத்தைக் காணலாம். அம்மரம் நோயுற்றால் வீட்டாரின் முகமும் சற்றே வாடிவிடுவதுண்டு. அத்தகைய மரம் ஒன்றை என் கையாலேயே சாகும் நிலைக்குக் கொண்டு சென்று, பின்னர் பிழைப்பித்த வரலாற்றையும், அதன் வாயிலாக நான் அறிந்துகொண்ட சில உண்மைகளையும் இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் மரம் வந்த கதை. அரசு ஊழியர் குடியிருப்பொன்றில் தரைத்தள வீடு எனக்கு ஒதுக்கப்பட்ட ஆண்டு, என் தாயார் தஞ்சை மாவட்டத்திலிருந்து இரயிலேறித் தில்லிக்கு வந்தார். ஒரு கையில் மாவடு ஜாடி. மறு கையில் பால்பொடி டப்பா ஒன்றில் சாண் உயரமுள்ள கறிவேப்பிலைக் கன்று. டப்பாவின் அடியில் ஆணியால் துளைகள் இட்டு, நீர் ஒழுகாதிருக்கக் கீழே ஒரு தட்டை வைத்திருந்தார். "துளையும் போட்டுத் தட்டும் வைப்பானேன்? துளையே போடாமல் இருந்திருக்கலாமே!" என்றேன். அவர் சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை. கன்று கொல்லையில் வேரூன்றி, பத்தாண்டுகளில் வீட்டின் கூரைமட்டம் வரை உயர்ந்தது. அண்டை வீடுகளிலிருந்தும் அதனை நாடி வருவார்கள். வடநாட்டவர் அதனைக் 'கடீ பத்தா' என்றும், 'மீட்டா நீம்' என்றும் அழைப்பர்.

கறிவேப்பிலை தென்னாட்டுக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். இமயமலையின் அடிவாரக் காடுகளிலும் அது தானாகவே வளர்கிறது. அதன் அறிவியற் பெயரில் உள்ள 'கோனிகி' என்னும் சொல்லோ, 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னிந்தியச் செடிகொடிகளை ஆராய்ந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரை நினைவூட்டுவது. வடக்கிலும் தெற்கிலும் வாழ அறிந்த இம்மரம், இடத்துக்கேற்பத் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்கும் அதே மரம், தில்லிக் குளிரில் இலைகளைப் பழுக்கவிட்டு உதிர்த்து, தை மாதம் கழியும்வரை உறக்கம் கொள்கிறது. இது நோயன்று, குளிருக்கு அது செய்துகொள்ளும் ஏற்பாடு.

இதனை நான் அறிந்திருந்தும் மறந்தேன். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எங்கள் மரம் வழக்கத்தைவிட மிகுதியாக இலையுதிர்த்தது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும் தாயார், பேரப்பிள்ளைகளை விசாரித்த பின், "மரம் எப்படி இருக்கிறதப்பா?" என்று கேட்பார். மூட்டுவலியினால் அவர் தில்லிக்கு வருவது நின்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே மரத்துக்கு இரண்டு வாளி நீர் கூடுதலாக ஊற்றுவேன். அடிமரத்தைச் சுற்றி மண்ணை அணைத்து, கிண்ணம் போன்றதொரு பாத்தியும் கட்டினேன். அதுவும் போதாதென்று, குடிநீரைத் தூய்மைசெய்யும் ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் நீர் வீணாகிறதே என்று கருதி, அதன் குழாயையும் பாத்திக்குள்ளேயே விட்டேன். அக்கருவி ஒரு குடம் நன்னீர் தருவதற்கு ஒரு குடத்துக்கு மேற்பட்ட நீரைக் கழிவாக வெளியேற்றும். அந்நீரில் உப்பும் செறிந்திருக்கும். இவ்வாறு பகலெல்லாம் என் மரத்தின் காலடி நனைந்துகொண்டே இருந்தது. சனவரி முடிவதற்குள் எஞ்சியிருந்த இலைகளும் துவண்டு தொங்கின. நான் மேலும் நீர் ஊற்றினேன்.

நீர் மிகுந்தால் இலை ஏன் வாட வேண்டும்? இக்கேள்விக்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது. நல்ல தோட்டமண்ணின் பருமனில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். மண்துகள்களுக்கு இடையேயுள்ள அந்நுண்ணிய இடைவெளிகளில் ஒரு பகுதியில் நீரும், ஒரு பகுதியில் காற்றும் தங்கியிருக்கும். இலைகளைப் போலவே வேர்களும் மூச்சுவிடுகின்றன. காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டே அவை வலிமை பெற்று நீரை உறிஞ்சுகின்றன. இடைவெளிகள் யாவும் நீரால் நிரம்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. பிராணவாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். ஆகவே வேர் மூச்சுத் திணறுகிறது. மூச்சுத் திணறிய வேரால் தன்னைச் சூழ்ந்துள்ள நீரையே உறிஞ்ச முடிவதில்லை. மரம் நீரின் நடுவே நின்றுகொண்டு தாகத்தால் வாடுகிறது. தாகத்தின் அறிகுறி கண்டு நாம் மீண்டும் நீர் ஊற்றுகிறோம்.

இந்நிலை நீடித்தால் அடுத்த கேடு வருகிறது. ஈர மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சில, நலிந்த வேர்களைத் தாக்கி அழுகச் செய்கின்றன. அவற்றுள் பெயர்பெற்றது பைட்டோப்தரா என்னும் இனம். 1876-இல் ஆண்டன் டி பாரி என்னும் ஜெர்மானிய அறிஞர் சூட்டிய அப்பெயருக்குக் கிரேக்க மொழியில் 'செடிகொல்லி' என்பது பொருள். காளானைப் போலத் தோன்றினும் அது காளானினத்தைச் சேர்ந்ததன்று. அதன் வித்துகள் நீரில் நீந்தி வேரைத் தேடிச் செல்ல வல்லவை. நீர் தேங்கிய மண் அவற்றுக்கு நல்ல பாதையாகிவிடுகிறது. கறிவேப்பிலையின் குடும்பத்தைச் சேர்ந்த எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு இதனால் நேரும் சேதம் பெரிது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரே சொல் இடத்துக்கேற்ப வெவ்வேறு பொருள் தருவது புதிய செய்தியன்று. வாடிய இலையும் அத்தகையதொரு சொல்லே. முன்பின் வாக்கியங்களைப் பாராமல், அகராதி கூறும் முதற்பொருளையே நான் கொண்டுவிட்டேன். முன்பின் பார்த்துப் பொருள் கொள்ளும் முறையை எனக்குக் கற்பித்தவர், எங்கள் குடியிருப்பில் தோட்டவேலை செய்யும் முதியவரான மாலி.

அவர் மரத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குந்தி அமர்ந்து, குர்பி எனப்படும் கைக்கொத்தினால் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். முதல் மழையின் மணம் வரவேண்டிய மண்ணில் அழுகிய முட்டையின் நாற்றம் வந்தது. "பாபூஜி, மரம் தாகமாக இல்லை. மூழ்கிக்கொண்டிருக்கிறது" என்றார்.

அன்று அவர் காட்டியவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இலை பழுத்து வாடுவதற்கு நான்கு காரணங்கள் பெரும்பாலும் உண்டு. மண் உலர்ந்து இறுகி, இலை மொறமொறவென்று காய்ந்திருந்தால் அது தாகம். வேர் நலமாயிருப்பின், நீர் விட்ட சில மணி நேரத்தில் துவண்ட இலை நிமிரும். மண் ஈரமாயிருக்க, இலை மெத்தென்று துவண்டு, மாலையிலும் நிமிராதிருந்தால் அது நீர்மிகை. முதிர்ந்த இலைகள் பச்சையாயிருக்க, இளந்தளிர்கள் மட்டும் மஞ்சளித்து அவற்றின் நரம்புகள் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. தில்லி போன்ற, களர்த்தன்மை மிகுந்த மண்ணில் இது சாதாரணம். நீர் தேங்கினால் இன்னும் மிகும். இலையுதிர்ந்தும் கிளைநுனி உறுதியாக நின்று, நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரியுமானால், அது குளிர்கால உறக்கம். இந்நான்கில் எதுவென்று தெரியுமுன் வாளியைத் தொடலாகாது. மண்ணை ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்ப்பதே முதற் சோதனை.

இனி, மூழ்கும் மரத்தைக் கரையேற்றும் முறையைக் காண்போம்.

முதலாவதாக, நீரை நிறுத்த வேண்டும். குழாய், வாளி, மாடியிலிருந்து வழியும் நீர், கோடையில் கூலரிலிருந்து கொட்டும் நீர் ஆகிய எல்லாவற்றையும் வேறிடம் திருப்ப வேண்டும். கேட்பதற்கு எளிதெனினும், வாடி நிற்கும் மரத்துக்கு நீர் ஊற்றாமல் இருப்பதைப் போன்ற கடினமான பணி பிறிதில்லை என்பதை அனுபவத்தில் கண்டேன்.

இரண்டாவதாக, அடிமரத்தை ஒட்டி அணைத்த மண்ணை விலக்கி, வேர் விரியத் தொடங்கும் கழுத்துப்பகுதி காற்றில் உலரும்படி செய்ய வேண்டும். கிண்ணம் போன்ற பாத்தியை உடைத்து, தேங்கிய நீர் வடிய ஒரு சிறு வாய்க்கால் வெட்டலாம். தரையின் மேல் பரப்பிய சருகையும் அகற்றிவிட்டால் ஈரம் விரைந்து ஆவியாகும்.

மூன்றாவதாக, மண்ணுக்குள் காற்றுப் புக வழி செய்ய வேண்டும். கிளைகளின் நிழல் விழும் விளிம்பை ஒட்டி, வட்டமாக, முழத்துக்கு ஒன்றாக இரும்புக் கம்பியால் துளைகள் இடலாம். துளை இரண்டு விரற்கடை அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் இருந்தால் போதும். கம்பி பெரிய வேரில் இடித்தால் வலிந்து குத்தாமல் சற்றுத் தள்ளிக் குத்துக. துளைகளைப் பருமணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பலாம். தரையில் ஊன்றிய மரத்தைப் பெயர்த்தெடுக்க முயல வேண்டா. எஞ்சிய நல்ல வேர்களும் அதில் அறுந்துபோகும்.

தொட்டியில் வளர்ப்போர்க்கு முறை வேறு. செடியை மண்ணோடு மெல்ல வெளியே எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெளிறிய நிறமாய் உறுதியாயிருக்கும். அழுகிய வேர் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உறையைப் போல் கழன்று, உள்ளே நார் மட்டும் மிஞ்சும். அழுகியவற்றைக் கூரிய, தூய கத்தியால் நீக்கிவிட்டு, மண், பருமணல், மக்கிய எரு மூன்றும் கலந்த புதுக்கலவையில் நட வேண்டும். வேர் குறைந்த அளவுக்குத் தலையையும் சற்றுக் குறைக்கலாம். புதுத்தொட்டி பழையதைவிடப் பெரிதாயிருக்க வேண்டுவதில்லை. குறைந்த வேரால் நிறைந்த மண்ணின் ஈரத்தை வற்றச் செய்ய இயலாது. தொட்டியின் அடியில் துளை இருப்பதையும், அதன் கீழுள்ள தட்டில் நீர் தேங்காதிருப்பதையும் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

நான்காவதாக, உரம் இடலாகாது. நோயாளிக்கு விருந்து படைப்பது போன்றது அது. புதுத்தளிர் கண்டு, அது இலையாய் முதிர்ந்த பின்னரே சிறிதளவு மக்கிய எரு இடலாம். பட்டுப்போன கிளைகளைக்கூடக் குளிர் நீங்கும்வரை வெட்டாதிருப்பது நன்று. எது உயிருள்ளது, எது உயிரற்றது என்பதைப் பங்குனி மாதம் தானே காட்டிவிடும்.

எலுமிச்சை வளர்ப்போர்க்கு ஒரு சொல். அடிமரத்தில் பட்டை வெடித்துப் பிசின் வடியுமானால், செடிகொல்லி பட்டைக்குள் புகுந்துவிட்டதென்று ஐயுறலாம். கெட்ட பட்டையைச் சுரண்டி நீக்கிவிட்டு, போர்டோ பசையைப் பூசுவது நெடுநாளைய முறை. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, இரண்டையும் கலந்தால் அப்பசை கிடைக்கும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தையே கையாள வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் பளபளப்பான கத்தியை நனைத்தெடுத்தால் அதில் செம்பு நிறம் படியலாகாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே பூசிவிடுதல் வேண்டும். 1885-இல் பிரான்சு நாட்டுப் போர்டோ நகரப் பேராசிரியர் மிலார்டே திராட்சைக் கொடிகளின் நோய்க்கு வெளியிட்ட கலவையே இதற்கு மூலம். மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். நாள்தோறும் இலை கிள்ளிச் சமைக்கும் கறிவேப்பிலைக்கு இதனைத் தெளிக்கலாகாது. அதற்கு உலர்ந்த மண்ணே மருந்து.

மரம் தேறத் தொடங்கிய பின் எப்போது நீர் ஊற்றுவது? நாட்காட்டியைப் பார்த்து ஊற்றக் கூடாது என்பதே இதற்கு விடை. நடுவிரலை முழுதும் மண்ணுள் செலுத்தி, நுனியில் ஈரம் தட்டாவிட்டால் ஊற்றுக. ஊற்றும்போது வேர்கள் பரந்துள்ள இடம் முழுதும் நன்கு நனைய ஊற்றுக. பின்னர் மறுபடி உலரும்வரை காத்திருக்க. அடிமரத்தில் ஊற்றாமல் கிளைநிழலின் விளிம்பில் ஊற்றுக. தில்லியின் கோடையில் அனற்காற்று வீசும் நாட்களில் இச்சோதனை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை நீர் கேட்கலாம்; குளிர்காலத்தில் இரண்டு வாரம் ஆகியும் கேளாதிருக்கலாம்.

ஊருக்கு ஊர் மண் வேறுபடுவதையும் மனத்திற்கொள்ள வேண்டும். மும்பையில் ஆனி முதல் புரட்டாசி வரை வானமே ஊற்றுகிறது. அந்நாட்களில் தொட்டிகளைக் கூரையின் கீழ் நகர்த்துவதே வேலை. நாகபுரிப் பகுதியின் கரிசல் மண் நீரை நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே மரத்தைச் சற்று மேடான இடத்தில் நட வேண்டும். கொல்கத்தாவில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் அங்கும் மேட்டு நடவே ஏற்றது. பெங்களூரின் செம்மண் பொதுவாக நீரை எளிதில் வடியவிடும். எனினும் கட்டட இடிபாடுகளை நிரப்பி அமைத்த வீட்டுமனைகளில் அவ்வாறு நம்பியிருக்க முடியாது. தாயகத்தில் பழகிய கையளவை வந்த ஊரின் மண்ணுக்கு அப்படியே பொருத்துவது தவறு.

என் மரத்தின் கதையை முடிக்க வேண்டும். மாலி சொன்னவாறெல்லாம் செய்தேன். பிப்ரவரி சென்றது; மாற்றமில்லை. மார்ச்சு நடுவில் நகத்தால் கீறிப் பார்த்தேன். மூன்று பெருங்கிளைகளில் இரண்டு பழுப்பாயிருந்தன. ஒன்றில் மட்டும் நூலளவு பச்சை தெரிந்தது. அந்த ஞாயிறன்று தாயார் வழக்கம்போல் கேட்டபோது, இனியும் பொய் கூற மனம் வரவில்லை. நடந்தவற்றைச் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்பு, "டப்பாவின் அடியில் ஆணியால் துளை போட்டுக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? வாங்கிக்கொண்ட நீரை விட்டுவிடத் தெரியாத இடத்தில் எந்தச் செடியும் பிழைக்காதப்பா" என்றார். பத்தாண்டுகளுக்கு முன் நான் கேட்ட கேள்விக்கு அன்றுதான் விடை கிடைத்தது. "நீ மரம் கேட்டதற்காக ஊற்றவில்லை. உன் பயத்துக்காக ஊற்றியிருக்கிறாய்" என்றும் சொன்னார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த ஒற்றைக் கிளையில் செம்பு நிறத் தளிர்கள் தோன்றின. பட்டுப்போன இரு கிளைகளையும் அடியோடு அறுத்து நீக்கினோம். கறிவேப்பிலைக்கு வேரிலிருந்தே பக்கக்கன்று விடும் இயல்பு உண்டு. அவ்வாண்டு மழைக்காலம் தொடங்குமுன், அடிமரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி அத்தகைய கன்று ஒன்று முளைத்தது. ஆகவே மரம் நோயுற்ற நேயர்கள், தண்டு பட்டதென்று கருதி உடனே வேரைக் கல்லிவிட வேண்டா. ஒரு வேனிற்காலம் பொறுத்துப் பார்ப்பது நலம்.

மரம் இன்று பழைய உயரத்தில் பாதியே இருக்கிறது. ஒரு பக்கமாய்ச் சாய்ந்தும் நிற்கிறது. ஆயினும் இலைக்குக் குறைவில்லை. பக்கக்கன்றைப் பெயர்த்து, மேல்மாடியில் புதிதாய்க் குடிவந்துள்ள மதுரைக் குடும்பத்துக்குக் கொடுத்தேன். பால்பொடி டப்பா ஒன்றில்தான் கொடுத்தேன். அடியில் ஆணியால் ஐந்து துளைகள் இட்ட பிறகு. அவ்வீட்டுப் பிள்ளை, "துளை எதற்கு மாமா? தண்ணீர் ஒழுகிவிடுமே!" என்று கேட்டான். நான் சிரித்து மழுப்பாமல் அவனை அருகே அமர்த்தி, வேர் மூச்சுவிடும் கதையைச் சொன்னேன்.